மிரட்டல் வந்தால் உடனே அழித்துவிடாதீர்கள்

"பணம் அனுப்பு, இல்லாவிட்டால் உன் அந்தரங்கப் படம் எல்லோருக்கும் போகும்" என்று இணையத்தில் யாராவது மிரட்டினால், பதின்வயதுப் பிள்ளைகள் பதறிப்போய் மொத்த சாட்டையும் அழித்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆதாரம் போய்விடுகிறது. முதலில் மிரட்டல் செய்திகள், அவனுடைய யூசர்நேம், புரொஃபைல் லிங்க், பணம் கேட்ட கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அப்புறம் ரிப்போர்ட், அதன் பிறகு பிளாக். பணம் மட்டும் கொடுக்காதீர்கள். ஒருமுறை கொடுத்தால் அடுத்தடுத்துக் கேட்பான். பெரியவர் ஒருவரிடம் சொல்லி, போலீசில் புகார் கொடுங்கள். (பெற்றோரே, திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.)

சரி, படம் பரவினால்? 'டேக் இட் டவுன்' என்ற இலவச சேவை இருக்கிறது. காணாமல்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் நடத்துகிறது. எந்த நாட்டிலிருந்தும் பயன்படுத்தலாம், பெயர் சொல்லத் தேவையில்லை. 18 வயதுக்கு முன் எடுத்த படங்களுக்கானது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதே இல்லை. கைரேகை மாதிரி 'ஹேஷ்' என்ற ஓர் எண்வரிசை மட்டும் போகும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், டிக்டாக் போன்ற தளங்கள் அதை ஒப்பிட்டுப் பார்த்து படத்தை நீக்கும். என்கிரிப்ஷன் உள்ள, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே பார்க்கும்படி பூட்டப்பட்ட தனிச் செய்திகளில் இது வேலை செய்யாது.

18 வயதுக்குப் பிறகு எடுத்த படம் என்றால் 'ஸ்டாப்என்சிஐஐ' தளம். அதுவும் இதே முறைதான்.