இலையுதிர் காலத்துல குரூப்பா மலை ஏறி லாட்ஜ்ல ஒரு ராத்திரி தங்கறது எப்படி? முதல் தடவை போறவங்களுக்கு

இலையுதிர் காலத்துல வெயில் கொளுத்தாது, பூச்சித் தொல்லை குறைவு, மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிக்கும், நடக்க இதைவிட நல்ல சீசன் கிடையாதுன்னே சொல்லலாம். ஒரே தொல்லை, சீக்கிரம் இருட்டிடும். அதனால பிளான் போடறப்ப முதல்ல ரெண்டு விஷயம் பாருங்க: சூரியன் எத்தனை மணிக்கு மறையுது, குரூப்ல யாரு ரொம்ப மெதுவா நடப்பாங்க. பை, ஷூ, ஜாக்கெட்டெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

ஸ்டெப் 1: லாட்ஜ் திறந்திருக்கான்னு கேளுங்க

சிரிக்காதீங்க, நிறைய மலை லாட்ஜுங்க கோடை சீசன் முடிஞ்சதுமே பூட்டிடுவாங்க, ஆன்லைன்ல பழைய தேதி அப்படியே கிடக்கும். போன் போட்டு கேட்டுடுங்க. கேக்கறப்பவே ராத்திரி சாப்பாடு உண்டா, எத்தனை மணிக்குள்ள வந்து சேரணும், போர்வை குடுப்பாங்களா, தண்ணி குடிக்கற மாதிரி இருக்குமா, கார்டு வாங்குவாங்களா, கேஷ் மட்டுமான்னு எல்லாத்தையும் ஒரே மூச்சுல கேட்டுக்கோங்க. இலை நிறம் மாறற வாரக்கடைசின்னா பெட் சீக்கிரம் தீந்துடும். குரூப் பெருசுன்னா எல்லார் பேரையும் ஒருத்தரே புக் பண்ணுங்க, ஆளுக்கு ஒரு பக்கம் பண்ணா பாதிப் பேருக்கு கிடைக்கும் பாதிப் பேருக்கு கிடைக்காது, அப்புறம் பஞ்சாயத்துதான்.

ஸ்டெப் 2: நேரத்தை பின்னாடியிருந்து எண்ணுங்க

இதுதான் முக்கியமான ஸ்டெப். வில்லியம் நெய்ஸ்மித்னு ஸ்காட்லாந்து மலையேறி ஒருத்தர் 1892-ல ஒரு கணக்கு சொன்னார், இன்னிக்கும் அதைத்தான் அடிப்படையா வச்சுக்கறாங்க. சமதளத்துல 5 கிலோமீட்டருக்கு 1 மணி நேரம், அது போக 600 மீட்டர் உயரம் ஏறறதுக்கு தனியா 1 மணி நேரம். அப்ப 10 கிலோமீட்டர் பாதை, 600 மீட்டர் ஏத்தம்னா 3 மணி நேரம். ஆனா இது நல்லா நடந்து பழகினவங்க நிக்காம நடக்கற கணக்கு. புது ஆளுங்க இருக்கற குரூப்புக்கு இதோட பாதியை சேத்துக்கோங்க, நாலரை மணி நேரம் ஆச்சு. சாப்பிட, போட்டோ எடுக்க, ஷூ லேஸ் கட்ட இன்னொரு 1 மணி நேரம். சூரியன் 6 மணிக்கு மறையுதுன்னா லாட்ஜுக்கு 4 மணிக்கே போய் சேர்ற மாதிரி வைங்க, அப்ப காலைல பத்தரைக்கு நடக்க ஆரம்பிக்கணும். பத்தரைக்கு பார்க்கிங்ல கூடறது இல்ல, நடக்கவே ஆரம்பிக்கணும், அதை குரூப்ல தெளிவா சொல்லிடுங்க.

இன்னொண்ணு, போன மாசம் போனவங்க சொன்ன நேரத்தை நம்பாதீங்க. நிலநடுக்கோட்டுலேருந்து 45 டிகிரி தள்ளி இருக்கற இடத்துல, இலையுதிர் கால ஆரம்பத்துல பகல் தினம் ஏறக்குறைய 3 நிமிஷம் குறையுது, ஒரு மாசத்துல ஒன்றரை மணி நேர வெளிச்சம் காலி. காட்டுக்குள்ள, பள்ளத்தாக்குல இருட்டு இன்னும் முன்னாடியே வந்துடும்.

திரும்பற நேரம்னு ஒண்ணையும் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க. இத்தனை மணிக்குள்ள பாதி வழி தாண்டலைன்னா திரும்பிடணும், அவ்வளவுதான். மேல போய் ஓட்டு எடுத்தீங்கன்னா "இன்னும் கொஞ்சம்தான்"னு சொல்றவங்கதான் எப்பவும் ஜெயிப்பாங்க.

ஸ்டெப் 3: உடுப்பு

ஒவ்வொரு 1000 மீட்டர் உயரம் ஏறறப்பவும் சராசரியா 6.5 டிகிரி குளிர் கூடும், காத்து அடிச்சா அதுக்கு மேலயும் தெரியும். பருத்தி டி-ஷர்ட், ஜீன்ஸ் ரெண்டும் வேண்டாம், வேர்வைல நனைஞ்சா காயவே காயாது, நின்ன உடனே உடம்பு சில்லுனு ஆயிடும். உள்ள சீக்கிரம் காயற துணி இல்ல கம்பளி, அதுக்கு மேல ஃப்ளீஸ் (மெத்துன்னு இருக்கற செயற்கை நூல் ஸ்வெட்டர்), எல்லாத்துக்கும் மேல காத்தும் மழையும் புகாத ஜாக்கெட். கிளம்பறப்ப லேசா குளிரணும், அதான் சரியான அளவு, பத்து நிமிஷம் ஏறினா தானா சூடாயிடும். நிக்கற இடத்துல மட்டும் ஒரு லேயர் எடுத்து மாட்டிக்கோங்க. பல நாடுகள்ல இதுதான் வேட்டை சீசன், அந்த மாதிரி இடம்னா பளிச்சுனு தெரியற ஆரஞ்சு கலர் தொப்பியோ வெஸ்ட்டோ போட்டுக்கோங்க.

ஸ்டெப் 4: பை

லாட்ஜ்ல தங்கறதால டென்ட், அடுப்பு எதுவும் தேவையில்ல, 30-லேருந்து 40 லிட்டர் பை தாராளம். ஹெட்லேம்ப் (தலைல மாட்டற லைட்) ஆளுக்கு ஒண்ணு, போன் டார்ச் கணக்குல வராது, ஏன்னா குளிர்ல பேட்டரி சட்டுனு இறங்கும், கையும் ஃப்ரீயா இருக்காது. போனை ஏரோப்ளேன் மோட்ல போட்டு உள் பாக்கெட்ல வைங்க, மேப்பை வீட்லயே டவுன்லோட் பண்ணிடுங்க, ஒரு பேப்பர் மேப்பும் இருக்கட்டும். தூங்கறதுக்கு காஞ்ச துணி ஒரு செட், ஸ்லீப்பிங் பேக் லைனர் (உள்ள நுழைஞ்சு படுக்கற மெல்லிசான துணி உறை), காதுல வைக்க இயர்பிளக். இயர்பிளக்கை மறக்கவே மறக்காதீங்க, ஒரே ரூம்ல பத்துப் பேர் படுத்தா அதுல ஒரு குறட்டை கண்டிப்பா உண்டு. ஒரு விசிலும் வேணும்: ஐரோப்பிய மலைகள்ல ஆபத்துன்னா நிமிஷத்துக்கு 6 தடவை ஊதி 1 நிமிஷம் விட்டு மறுபடி ஊதணும், வட அமெரிக்காவுல 3 தடவை.

ஸ்டெப் 5: நடை

முன்னாடி போறவர் வேகமானவரா இருக்க வேண்டாம், பாதை தெரிஞ்ச நிதானமான ஆள் போதும். அவருக்கு நேர் பின்னாடி ரொம்ப மெதுவா நடக்கறவர். கடைசில அனுபவசாலி ஒருத்தர், அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. பாதை பிரியற ஒவ்வொரு இடத்துலயும் எல்லாரும் வந்து சேர்ற வரைக்கும் நில்லுங்க.

முன்னாடி போன கோஷ்டி உக்காந்து நல்லா ரெஸ்ட் எடுக்கும், மெதுவா வர்றவர் மூச்சு வாங்க வந்து சேர்ந்ததும் "சரி கிளம்பலாம்"னு எழுந்துடும். நிறைய குரூப்ல இது நடக்குது. பாவம், ரெஸ்ட் தேவைப்படறதே அவருக்குத்தான். கடைசி ஆள் வந்த பிறகுதான் ரெஸ்ட் டைமே ஸ்டார்ட் ஆகணும்.

விழுந்த இலைங்க ஈரமா இருந்தா பயங்கரமா வழுக்கும், அடியில வேரும் கல்லும் மறைஞ்சிருக்கும், அடியை சின்னதா வைங்க. குதிகால்ல லேசா எரிஞ்சா உடனே நின்னு டேப் ஒட்டிடுங்க. யாராவது விடாம நடுங்கினா, பேச்சு குழறினா, தடுமாறி நடந்தா அது வெறும் அசதி இல்ல, உடம்பு சூடு இறங்குதுன்னு அர்த்தம். காத்து படாத இடத்துல உக்கார வச்சு, ஈரத்துணியை மாத்தி, முழிப்பா இருந்தா இனிப்பா சூடா குடிக்கக் குடுங்க, சீக்கிரம் தேறலைன்னா உதவிக்கு கூப்பிடுங்க.

ஸ்டெப் 6: லாட்ஜ்ல

ஷூவை வாசல்ல கழட்டுங்க, ஈரமா இருந்தா பழைய பேப்பரை திணிச்சு வைங்க. பல இடத்துல ராத்திரி 10 மணிக்கு லைட் ஆஃப், அதுக்குள்ள காலைக்கான பையை கட்டி முடிச்சுடுங்க, விடியக்காலைல பிளாஸ்டிக் கவரை சரசரன்னு கிண்டுறவங்களை அந்த ரூமே சபிக்கும். ஹெட்லேம்ப் மட்டும் தலைமாட்டுல இருக்கட்டும்.

ஸ்டெப் 7: இறக்கம்

காலைல உறைபனி இருக்கும், மரப்பாலம், பாறை எல்லாம் கண்ணாடி மாதிரி வழுக்கும், அவசரம் இல்லைன்னா வெயில் கொஞ்சம் பட்டதும் கிளம்புங்க. லேஸை கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்டினா விரல் ஷூ முனையில இடிக்காது, நகத்தை முந்தின நாளே வெட்டிடுங்க. ஸ்டிக் இருந்தா நீளத்தை கொஞ்சம் கூட்டிக்கோங்க, முட்டிக்கு பாரம் குறையும். இறங்கறப்பவும் அதே வரிசைதான், வழிகாட்டறவருக்கு நேர் பின்னாடி மெதுவா நடக்கறவர்.