குளிர் மலையில உப்புத்தண்ணி டேங்க்: முதல் ரீஃப் வைக்கிறவங்களுக்கு

ரீஃப் டேங்க், அதாவது வீட்டுல கோரல் (பவளம்) வளக்கிற உப்புத்தண்ணி டேங்க் பத்தி எந்த வீடியோவைப் பாத்தாலும் சில்லர் (தண்ணியக் குளிராக்குற மெஷின்) வாங்குங்க, ஃபேன் போடுங்க, தண்ணி சூடாகிரும்னு தான் சொல்றாங்க. கொழும்புல இருக்கிறவங்களுக்கு அது சரி, ஆனா நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கம் இருக்கிற நமக்கு எல்லாமே தலைகீழ். கோரலுக்கு 25, 26 டிகிரி வேணும், நம்ம வீட்டுக்குள்ள ராத்திரில 14, 15க்கு இறங்குது, ஜனவரில அதை விடவும் கீழ போகும். அதனால மலையில ரீஃப் வைக்கணும்னா மீனைப் பத்தி யோசிக்க முன்னுக்கு சூடு, தண்ணி, கரண்ட் இந்த மூணையும் யோசிங்க. மூணும் சரியா இருந்தா மத்ததுக்குப் பொறுமை போதும்.

டேங்க், வைக்கிற இடம்

சின்ன டேங்க் தான் லேசுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, உப்புத்தண்ணில அப்படி இல்ல, தண்ணி கொஞ்சமா இருந்தா சூடும் உப்பும் சட்டுன்னு மாறும். நான் சொல்றது 75 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம், 40 உயரம், அதாவது 120 லீட்டர். கண்ணாடி, கல்லு, மணல் எல்லாம் சேத்து 150 கிலோவத் தாண்டும், அதனால பழைய பலகைத் தரையில வைக்காதீங்க, சீமெந்துத் தரை, மட்டம் பாத்த ஸ்டாண்ட். ஜன்னல் ஓரம் வேணாம், குளிர் காத்தும் வரும் வெயிலும் வரும். அடுப்படிப் பக்கமும் வேணாம், விறகு அடுப்புப் புகை தண்ணில இறங்கும், அதோட நாம குளிருக்கு எல்லாக் கதவையும் சாத்தி வைக்கிறதால உள்ள கார்பன் டை ஆக்சைட் கூடி டேங்க்ல பிஎச் இறங்கும். பகல்ல கொஞ்ச நேரம் ஜன்னலைத் திறந்து விட்டாலே வித்தியாசம் தெரியும்.

பின் பக்கத்துக்கும் ரெண்டு சைடுக்கும் ரெஜிஃபோம் ஷீட் ஒட்டிருங்க, அடியிலயும் ஒண்ணு போடுங்க. மேல கண்ணாடி மூடி கட்டாயம், ஆனா காத்து போக ஒரு ஓரம் திறந்திருக்கணும். மூடி இல்லாட்டி சூடும் போகும், தண்ணியும் ஆவியாப் போய் குளிர்ந்த சுவர்ல படிஞ்சு பூஞ்சணம் பிடிக்கும்.

ஹீட்டர்

சாதாரணமா லீட்டருக்கு 1 வாட் போதும்பாங்க, நம்ம குளிருக்கு லீட்டருக்கு 2 வாட் கணக்கு வைங்க. அதுவும் ஒரே பெரிய ஹீட்டரா வாங்காதீங்க, 120 லீட்டருக்கு 125லருந்து 150 வாட் வரைக்கும் ரெண்டு. ஒண்ணு செத்துப்போனா மத்தது தண்ணியத் தாங்கிப் பிடிக்கும், ஒண்ணு ஆன்லயே மாட்டிக்கிட்டாலும் தனி ஆளா டேங்க்க வேகவைக்க முடியாது. ரெண்டையும் தனியா ஒரு டெம்பரேச்சர் கண்ட்ரோலர்ல மாட்டுங்க, ஹீட்டரோட உள் தெர்மோஸ்டாட்ட மட்டும் நம்ப வேணாம். கண்ணாடில ஒட்டுற ஸ்டிக்கர் தெர்மாமீட்டர் கண்ணாடியோட குளிரையும் சேத்துத் தான் காட்டும், தண்ணிக்குள்ள போடுற ப்ரோப் வச்சது வாங்குங்க.

பிளக் பேஸ் டேங்க் மட்டத்துக்கு மேல இருக்கட்டும், வயர் ஒவ்வொண்ணும் ஒரு தொங்கல் வளைவா கீழ இறங்கி அப்புறம் மேல ஏறணும், அப்பத் தான் வழியிற தண்ணி பிளக்குக்குப் போகாது. ட்ரிப் சுவிட்ச் இல்லாத பழைய லயன் வயரிங்ல உப்புத்தண்ணி டேங்க் வைக்கவே வேணாம், முதல்ல எலக்ட்ரீசியனக் கூப்பிட்டு அதைப் போடுங்க.

தண்ணி: இங்க தான் ரொம்பக் கவனம்

நம்ம பீலித்தண்ணி மாதிரி சுத்தமான தண்ணி எங்க கிடைக்கும்னு எல்லாரும் சொல்வாங்க, குடிக்கிறதுக்கு அது உண்மையாவும் இருக்கலாம். ஆனா பீலிக்கு மேல தேயிலை மலை இருக்குதான்னு பாருங்க. மழைக் காலத்துல கொழுந்துல கொப்புள நோய் வரும், அதுக்கு அடிக்கிற மருந்துகள்ல காப்பர் (செம்பு) கலந்தது இருக்கு, மழையில அது கழுவிட்டு கீழ தான் வரும். எல்லாப் பீலிலயும் காப்பர் இருக்குன்னு சொல்ல வரல. மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாத அளவு காப்பரே இறாலையும் நத்தையையும் கோரலையும் கொன்னுரும், அது தான் விசயம். தண்ணில கரைஞ்சிருக்கிறத அளக்கிற டிடிஎஸ் மீட்டர்ல 30, 40னு கம்மியாக் காட்டுது, அப்ப நல்ல தண்ணின்னு முடிவு பண்ணிராதீங்க, அந்த மீட்டருக்கு எது கரைஞ்சிருக்குன்னு தெரியாது, மொத்தம் எவ்வளவுன்னு மட்டும் தான் தெரியும். ஹாட் வாட்டர் கீசர்த் தண்ணியையும் கலக்காதீங்க, நிறைய கீசருக்குள்ள செம்புக் குழாய் தான். டவுன் தண்ணில குளோரின் வேற.

அதனால ஆர்ஓ டிஐ யூனிட், அதாவது தண்ணில கரைஞ்சிருக்கிறத எல்லாம் வடிக்கிற ஃபில்டர் வேணும், வெளிய வர்ற தண்ணி டிடிஎஸ் 0 காட்டணும். இங்க ரெண்டு சங்கதி கவனிங்க. ஆர்ஓ மெம்பிரேனுக்கு (உள்ள இருக்கிற வடிகட்டுற சவ்வு) பெட்டியில போட்டிருக்கிற அளவு 25 டிகிரித் தண்ணிக்கு, நம்ம 15 டிகிரித் தண்ணில கால்வாசிக்கும் மேல குறைஞ்சு தான் வரும். அதோட அதுக்கு 40லருந்து 60 பிஎஸ்ஐ வரை பிரஷர் வேணும், கூரை மேல இருக்கிற டேங்க்ல இருந்து இறங்குற தண்ணிக்கு அந்த பலம் இல்ல, பூஸ்டர் பம்ப் சேத்து வாங்குங்க. அவ்வளவு செலவு முடியாட்டி சுத்திகரிச்ச தண்ணி விக்கிற கடையில கேன்ல வாங்கலாம், ஒவ்வொரு தடவையும் மீட்டர்ல பாத்துட்டு வாங்குங்க.

கடல் பக்கம் போற லொறில தண்ணி கொண்டுவரலாமான்னு கேப்பாங்க. கரையோரத் தண்ணில ஆத்துக் கழிவும் எண்ணெயும் கலந்திருக்கும், வேணாம். கடல்ல இருந்து பவளப்பாறை உடைச்சு எடுக்கிறது நம்ம நாட்டுல சட்டப்படி குத்தம், யாராவது மலிவா கொண்டுவந்து தந்தாலும் வாங்காதீங்க. 1998ல கடல் சூடாகி ஹிக்கடுவ பக்கம் கோரல் நிறைய வெளுத்துச் செத்துச்சு, மிச்சம் இருக்கிறத நாம டேங்க்குக்காகப் பிடுங்கக் கூடாது. டேங்க்லயே வளத்து வெட்டின துண்டு தான் வாங்கணும்.

உப்புக் கலக்குறது

20 லீட்டர் வாளில தண்ணிய நிரப்பி, ஒரு ஹீட்டரப் போட்டு முதல்ல 25 டிகிரிக்குக் கொண்டுவாங்க. குளிர்த் தண்ணில ரீஃப் சால்ட் (ரீஃப் டேங்க்குக்குன்னே விக்கிற உப்பு) போட்டா லேசுல கரையாது, அடியில வெள்ளையாத் தங்கிரும். அப்புறம் சின்ன பம்ப் ஓட விட்டு, தண்ணிக்குள்ள உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாத் தூவுங்க, உப்பு மேல தண்ணிய ஊத்தக் கூடாது. 20 லீட்டருக்கு கிட்டத்தட்ட 700லருந்து 750 கிராம் போகும், பிராண்டுக்குப் பிராண்ட் மாறும். ஒரு நாள் ஓட விட்டு உப்பளவு பாக்கிற ரிஃப்ராக்டோமீட்டர்ல 35 பிபிடி (ஆயிரத்துல 35 பங்கு), இல்லாட்டி அடர்த்தி 1.026 பாருங்க. சமையல் உப்பு எந்தக் காரணத்துக்கும் வேணாம்.

கல்லு, மணல், சைக்கிள்

காஞ்ச ரீஃப் கல்லு 10லருந்து 12 கிலோ. முதல்ல கல்லை அடிக் கண்ணாடில நேரா வச்சு ஆடாமப் பாத்துட்டு அப்புறம் தான் அரகோனைட் மணல் (சுண்ணாம்புச் சத்து மணல்) போடணும், மணல் மேல கல்லு வச்சா மீன் தோண்டும்போது சரியும். உப்புத்தண்ணி ஊத்தி, ஹீட்டர் போட்டு, மணிக்கு 1500லருந்து 2000 லீட்டர் தள்ளுற வேவ்மேக்கர் (அலை உண்டாக்குற பம்ப்) ஒண்ணு மாட்டுங்க. அதை தண்ணி மேல் மட்டம் நல்லா அலையிற மாதிரி திருப்பி வைங்க, ஏன்னா நுவரெலியா 1868 மீட்டர் உயரம், காத்தழுத்தம் கடல் மட்டத்துல இருக்கிறதுல ஐஞ்சுல நாலு பங்கு தான், அதே அளவுக்கு தண்ணில கரையிற ஆக்சிஜனும் கம்மி.

அப்புறம் சைக்கிள், அதாவது மீன் கழிவுல வர்ற அமோனியாவ மாத்துற பாக்டீரியாவ மீனுக்கு முன்னுக்கே வளக்கிறது. அமோனியா 2 பிபிஎம் (பத்து லட்சத்துல 2 பங்கு) வர்ற அளவுக்குப் போட்டு, பாட்டில் பாக்டீரியா இருந்தா அதையும் ஊத்தி, லைட் போடாம விடுங்க. ஒரு பாக்டீரியா அமோனியாவை நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்ணு அதை நைட்ரேட்டா மாத்தும். பொதுவா 4லருந்து 6 வாரம் ஆகும், ஹீட்டர் இல்லாமக் குளிர்ல விட்டா இன்னும் இழுக்கும். கடைசில திரும்பவும் போட்டுப் பாக்கிற 2 பிபிஎம் அமோனியா 24 மணித்தியாலத்துல 0 ஆகி நைட்ரைட்டும் 0ன்னா டேங்க் தயார், பாதித் தண்ணிய மாத்துங்க. அதுக்கு முன்னுக்கு மீன் போடாதீங்க, பிள்ளைங்க எவ்வளவு கேட்டாலும்.

கொழும்புல இருந்து மீன் கொண்டுவர்றது

மீன் பையை ரெஜிஃபோம் பெட்டில வச்சுத் தான் கொண்டுவரணும், கினிகத்தேனை தாண்டினதும் குளிர் ஏறிரும். இன்னொண்ணு, கீழ கட்டின பை மேல வர வர ஊதும், நுவரெலியாக் கடையில சிப்ஸ் பைக்கட் ஊதிப்போய்த் தொங்குமே, அதே தான். அதனால கடைக்காரர்ட்ட மலைக்குப் போகுதுண்ணே, காத்த முழுசா அடிக்காதீங்க, ரெட்டைப் பை போடுங்கன்னு சொல்லிருங்க. வீட்டுக்கு வந்ததும் பைய அரை மணித்தியாலம் டேங்க்ல மிதக்க விட்டு, டேங்க் தண்ணியக் கொஞ்சம் கொஞ்சமாக் கலந்து, மீனை மட்டும் எடுத்து விடுங்க, பைத் தண்ணி உள்ள போகக் கூடாது.

முதல்ல நத்தை நாலஞ்சு. ரெண்டு வாரம் கழிச்சு ஒசெலாரிஸ் கிளவுன் மீன் ஒரு ஜோடி. கிளவுன் குடியிருக்கிற அனிமோன் (கடல் சாமந்தி) இப்ப வேணாம், கிளவுனுக்கு அது இல்லாமலே வாழத் தெரியும். அப்புறம் மஷ்ரூம், கிரீன் ஸ்டார் பாலிப், சோவாந்திட் மாதிரி சாஃப்ட் கோரல் (கல்லு எலும்பு இல்லாத மெதுவான கோரல்). சோவாந்திட் சிலதுல பாலிடாக்சின்னு பயங்கர விஷம் இருக்கு, கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுத் தான் தொடணும், அது இருந்த கல்லைச் சுத்தம் பண்றேன்னு சுடுதண்ணில போட்டு அவிக்கவே கூடாது, அந்த ஆவியே ஆஸ்பத்திரில கொண்டுபோய் விடும். லைட் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம். ஆரம்பத்துல கல்லு மணல் எல்லாம் பழுப்பாப் படியும், பயந்து மருந்து ஊத்தாதீங்க, அது தானாப் போகும்.

கரண்ட் போனா

மழையும் இடியுமா கரண்ட் போறது நமக்குப் புதுசு இல்ல. மூடாத டேங்க் மணிக்கு ஒரு டிகிரி கிட்ட இறங்கலாம், சூட்டை விட முதல்ல தீர்ந்து போறது ஆக்சிஜன். பேட்டரி ஏர் பம்ப் ஒண்ணு எப்பவும் சார்ஜ்ல வைங்க, கரண்ட் போனதும் அது ஓடணும். முன்பக்கத்தையும் கம்பளியால மூடுங்க, மேல காத்து ஓட்டையை மட்டும் விட்டுருங்க. ரொம்ப நேரம் வராட்டி பிளாஸ்டிக் போத்தல்ல சுடுதண்ணி ஊத்தி இறுக்கி மூடி மிதக்க விடுங்க, ஆறினதும் மாத்துங்க. கரண்ட் வரும் வரைக்கும் சாப்பாடு போடாதீங்க.

வாரா வாரம்

ஆவியாப் போறது தண்ணி மட்டும், உப்பு போறதில்ல. அதனால தினமும் குறைஞ்ச அளவுக்கு வெறும் ஆர்ஓ தண்ணி தான் ஊத்தணும், உப்புத்தண்ணி இல்ல. வாரத்துக்கு ஒருக்கா 12லருந்து 15 லீட்டர் தண்ணி மாத்துங்க, புதுத் தண்ணி சூடும் உப்பும் டேங்க்கோட ஒத்துப்போகணும். கல்லுக் கோரல் மேல ஆசை இருந்தா ஆறு மாசமாவது போகட்டும், அல்கலினிட்டி (தண்ணியோட காரத்தன்மை) 8, 9 டிகேஎச்ல (அதை அளக்கிற அலகு) ஆடாம நிக்குது, கால்சியம் 400 பிபிஎம்முக்கு மேல இருக்குதுன்னு டெஸ்ட் கிட்ல வாரா வாரம் பாத்து எழுதி வைங்க, அந்தக் கணக்கு ஒரே மாதிரி வந்தப்புறம் ஒரே ஒரு துண்டு வாங்குங்க.