விமானத்தில் பெட்டி உடைந்து வந்தால் நஷ்டஈடு வாங்குவது எப்படி? சேலத்துக்காரர்களுக்காக

நம்ம ஊர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கூடுதல் சிரமம் உண்டு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் பெங்களூரிலோ கோயம்புத்தூரிலோ சென்னையிலோதான் இறங்குகிறோம். வெளியே கார் நிற்கிறது, டிரைவர் போன் மேல் போன் போடுகிறார், விடிவதற்குள் தொப்பூரைத் தாண்டிவிட வேண்டும் என்ற அவசரம், பெட்டிகளைத் தள்ளுவண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம். வீட்டுக்கு வந்து, ஏற்காட்டுக்காரர்கள் என்றால் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய், பெட்டியைக் கீழே இறக்கி வைக்கும்போதுதான் ஒரு சக்கரம் காணோம் என்பதே கண்ணில் படுகிறது. "சரி விடு, இனிமே யார்கிட்டப் போய்க் கேட்கிறது" என்று அத்தோடு முடித்துவிடுகிறார்கள்.

அப்படி விடாதீர்கள். பெட்டி உங்கள் கைக்கு வந்ததிலிருந்து 7 நாளுக்குள் எழுத்தில் புகார் கொடுத்தால் அது செல்லும். சர்வதேச விமானப் பயணங்களுக்கான 1999-இன் மான்ட்ரியல் உடன்படிக்கை அப்படித்தான் சொல்கிறது, இந்தியாவில் 2009 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஞாயிறு, பண்டிகை எல்லாம் சேர்த்துத்தான் 7 நாள். ஆனால் இந்த 7 நாள் கடைசி வழி. முதல் வழி, விமான நிலையத்திலேயே புகாரைப் பதிந்துவிட்டு வருவது. எதுவும் சொல்லாமல் பெட்டியை எடுத்துக்கொண்டு போனால், நல்ல நிலையில்தான் ஒப்படைத்தார்கள் என்று சட்டம் முதலில் எடுத்துக்கொள்ளும், அப்புறம் அது விமானத்தில்தான் உடைந்தது என்று காட்டுகிற வேலை உங்கள் தலையில் விழும்.

அதனால் பெல்ட்டிலிருந்து பெட்டியை எடுத்ததும் இரண்டு நிமிடம் ஓரமாக நில்லுங்கள். நான்கு சக்கரத்தையும் உருட்டிப் பாருங்கள், இழுக்கிற கைப்பிடியை முழுதாக மேலே தூக்கி இறக்குங்கள், ஜிப் ஓடுகிற விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் ஓட்டுப் பெட்டிகளில் விரிசல் பெரும்பாலும் சக்கரத்துக்கு மேலே இருக்கிற மூலையில்தான் விழும், அது நின்ற வாக்கில் பார்த்தால் தெரியாது, படுக்க வைத்துப் பார்த்தால்தான் தெரியும். உடைந்திருந்தால் அங்கேயே போட்டோ எடுங்கள். பெட்டி முழுதாக ஒன்று, உடைந்த இடம் கிட்டத்தில் ஒன்று, டேக்கும் உடைசலும் ஒரே படத்தில் வருகிற மாதிரி ஒன்று. இந்த மூன்றாவது படம்தான் மிக முக்கியம். பின்னணியில் பெல்ட் தெரிந்தால் இன்னும் நல்லது.

பெல்ட் இருக்கிற அதே ஹாலில் விமான நிறுவனத்தின் பேக்கேஜ் கவுண்டர் இருக்கும். கஸ்டம்ஸ் தாண்டி வெளியே போய்விட்டால் திரும்ப உள்ளே வருவது பெரும் பாடு. அந்த கவுண்டரில் பி.ஐ.ஆர். என்கிற சேத அறிக்கையைப் போடச் சொல்லுங்கள். "வீட்டுக்குப் போய் மெயில் போடுங்க சார், பார்த்துக்கலாம்" என்பார்கள். மெயில் போடத்தான் போகிறோம், ஆனாலும் அறிக்கை கையில் வராமல் நகராதீர்கள். அதில் எழுத்தும் எண்ணுமாக ஒரு குறிப்பு எண் இருக்கும், பின்னால் எல்லாக் கடிதத்திலும் அதைத்தான் கேட்பார்கள். சேதம் என்ன என்று அவர்கள் எழுதியதைப் படித்துப் பாருங்கள். சக்கரம் அச்சோடு பெயர்ந்திருக்க, 'சிறு கீறல்' என்று எழுதியிருந்தால் திருத்தச் சொல்லுங்கள்.

சில இடங்களில் அப்போதே ஒரு புதுப் பெட்டியையோ கொஞ்சம் பணத்தையோ நீட்டுவார்கள். பெட்டி மட்டும்தான் போனது, கொடுப்பதும் சுமாராக இருக்கிறது என்றால் வாங்கிக்கொள்வதில் தப்பில்லை, ஓய்ந்தது வேலை. ஆனால் உள்ளே என்ன உடைந்திருக்கிறது என்று பார்க்காமல், 'இத்துடன் எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடாதீர்கள்.

சென்னையில் இறங்கி அங்கிருந்து காமலாபுரத்துக்கு, அதாவது நம்ம சேலம் விமான நிலையத்துக்கு, விமானம் மாறுகிறவர்களுக்கு ஒரு விஷயம். வெளிநாட்டுப் பெட்டியைச் சென்னையிலேயே எடுத்து, கஸ்டம்ஸ் முடித்து, மறுபடி போட வேண்டியிருக்கும். அங்கேயே பெட்டியைப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் சென்னை வரை கொண்டுவந்த கம்பெனி சேலத்துக்குக் கொண்டுவந்தவர்களைக் காட்டும், இவர்கள் அவர்களைக் காட்டுவார்கள். ஒரே டிக்கெட்டில் வந்த பயணம் என்றால் முதல் விமான நிறுவனம், கடைசி நிறுவனம், பெட்டி உடைந்தபோது கொண்டுவந்த நிறுவனம், இவர்களில் யாரிடமும் கேட்கலாம். "எங்கள் விமானத்தில் உடையவில்லை" என்று கடைசியாக வந்தவர் தட்டிக் கழிக்க முடியாது.

இனி மெயில். ஊருக்கு வந்த அன்றைக்கே அனுப்பிவிடுங்கள், வீட்டில்தான் பார்த்தீர்கள் என்றால் கட்டாயம் அன்றைக்கே. கூடவே ஒரு பிரதியை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 7 நாளுக்குள் அனுப்பியிருந்தால் போதும், அவர்கள் கைக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது கணக்கில்லை. ஆங்கிலத்தில் எழுதுங்கள், ஆனால் விஷயம் இவ்வளவுதான்:

"இந்தத் தேதியில், இந்த எண் விமானத்தில், இங்கிருந்து இங்கே வந்தேன். டேக் எண் இது, சேத அறிக்கை எண் இது. என் பெட்டி சேதமான நிலையில் ஒப்படைக்கப்பட்டது. வலது பக்கக் கீழ்மூலை பிளந்து, ஒரு சக்கரம் அச்சோடு பெயர்ந்துவிட்டது. உள்ளே இருந்த இன்ன பொருள் உடைந்தது. வாங்கிய தேதியும் விலையும் இவை, பில் இணைத்துள்ளேன். மான்ட்ரியல் உடன்படிக்கையின் 17, 31-ஆம் பிரிவுகளின்படி இதை என் எழுத்துப்பூர்வமான புகாராக ஏற்று, இவ்வளவு ரூபாய் நஷ்டஈடு தர வேண்டுகிறேன்."

நடந்த அவதியை எல்லாம் நான்கு பக்கம் எழுத வேண்டாம். தொகையைக் கட்டாயம் எழுதுங்கள், எழுதாவிட்டால் அவர்கள் ஒரு தொகையை எழுதுவார்கள். பில் இல்லை என்றால் கார்டு ஸ்டேட்மென்ட், ஆன்லைனில் வாங்கியிருந்தால் ஆர்டர் பக்கம், எதுவாக இருந்தாலும் இணைக்கலாம். டவுனில் சூட்கேஸ் ரிப்பேர் பார்க்கிற கடையில் காட்டி, என்ன செலவாகும் அல்லது சரிசெய்யவே முடியாது என்று லெட்டர்ஹெட்டில் தேதி, சீலோடு எழுதி வாங்குங்கள். பல நிறுவனங்கள் முதலில் ரிப்பேர் என்றுதான் ஆரம்பிக்கும், இந்த ஒரு தாள் அந்தப் பேச்சைச் சுருக்கிவிடும். உடைந்த பெட்டியை மட்டும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்பார்கள்.

எவ்வளவு கிடைக்கும்? சர்வதேசப் பயணத்தில் ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 எஸ்.டி.ஆர்., 2024 டிசம்பர் 28 முதல். எஸ்.டி.ஆர். என்பது ஐ.எம்.எஃப். கணக்கு அலகு, நம்ம பணத்தில் ஒன்றேமுக்கால் லட்சத்துக்கும் மேலே வரும். உள்நாட்டு விமானத்தில் 20,000 ரூபாய் வரை. இது வரம்புதான், எல்லாருக்கும் கிடைக்கிற தொகை இல்லை. ஐந்து வருஷம் ஓடிய பெட்டிக்குத் தேய்மானம் கழிப்பார்கள், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் "சக்கரம், கைப்பிடிக்கெல்லாம் நாங்கள் பொறுப்பில்லை" என்று வருகிற பதிலை அப்படியே நம்பிவிடாதீர்கள். பெட்டியிலேயே இருந்த குறையால் உடைந்தால்தான் அவர்களுக்கு விலக்கு. சர்வதேசப் பயணத்தில் உடன்படிக்கையைவிடப் பொறுப்பைக் குறைக்கிற எந்த நிபந்தனையும் செல்லாது என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. பதில் மெயிலில் அந்தப் பிரிவை எழுதிக் கேளுங்கள்.

போகும்போதும் கவனம் வேண்டும். மாம்பழ அட்டைப்பெட்டி, ஊறுகாய் பாட்டில், டேபிள் டாப் கிரைண்டர் மாதிரி சாமான்களுக்கு செக்-இன்னில் 'லிமிடெட் ரிலீஸ்' டேக் ஒன்றைப் போட்டுக் கையெழுத்துக் கேட்பார்கள். உடைந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பதற்கான கையெழுத்து அது. நல்ல பெட்டிக்கும் சேர்த்து அதைப் போடுகிறார்களா என்று பாருங்கள். வெள்ளிக் கொலுசு, நகை, லேப்டாப் எதையும் பெரிய பெட்டியில் வைக்காதீர்கள், இவற்றுக்கு நிறுவனங்கள் சுலபத்தில் பணம் தராது. கொலுசு நம்ம ஊர்ச் சரக்கு என்று ஆசையாக வாங்கிப் போகிறவர்கள் கைப்பையில் கொண்டுபோங்கள். பெட்டியைப் போடுவதற்கு முன் ஒரு போட்டோ, போர்டிங் பாஸில் ஒட்டித் தருகிற டேக் ஸ்டிக்கர், இரண்டும் நஷ்டஈடு வருகிறவரை போனிலும் பர்ஸிலும் இருக்கட்டும்.

பதிலே வரவில்லை அல்லது கொடுப்பது அநியாயமாக இருக்கிறது என்றால், நிறுவனத்தின் இணையதளத்தில் நோடல் அதிகாரி, அப்பீல் அதிகாரி என்று இருவரின் முகவரி இருக்கும், வரிசையாக எழுதுங்கள். அப்புறம் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளத்தில் புகார் பதியலாம், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் சொல்லலாம்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் டெல்லியில் இருக்கிறது, அங்கே போய் யார் வழக்கு நடத்துவது என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம், பயணம் இந்தியாவில் முடிகிற டிக்கெட் என்றால் சேலம் மாவட்ட ஆணையமே போதும். டிக்கெட்டுக்கு நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். கெடு 2 வருஷம், நீங்கள் வந்து இறங்கிய நாளிலிருந்து எண்ணிக்கொள்ளுங்கள். மெயில் போக்குவரத்து நடந்துகொண்டே இருக்கிறது என்பதற்காக அந்தக் கெடு நீளாது.