கப்பல் ஏறுவதற்கு முன் துறைமுக நகரத்தைக் கார் இல்லாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி?

முதன்முறையாகச் சொகுசுக் கப்பலில் பயணம் செய்பவர்கள் பெரும்பாலும் கப்பலைப் பற்றியே திட்டமிடுகிறார்கள். கப்பல் புறப்படும் நகரமோ, விமான நிலையத்திலிருந்து துறைமுகம் வரை டாக்சி ஜன்னலில் ஓடி மறையும் காட்சியாக முடிந்துவிடுகிறது. உலகின் மிக அழகான நகரங்கள் சிலவற்றை இப்படித் தவறவிடுவது பெரிய இழப்பு. கப்பல் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் காலையிலேயே அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுங்கள். விமானம் தாமதமானாலும் கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதால் அந்த ஒரு நாள் பாதுகாப்புக்கும் உதவும், ஊர் பார்க்கவும் உதவும்.

கார் இல்லையே என்று தயங்க வேண்டாம். பாய்மரக் கப்பல்களும் நீராவிக் கப்பல்களும் ஊரின் காலடியிலேயே சரக்கு இறக்கிய காலத்தில் வளர்ந்தவை பழைய துறைமுக நகரங்கள். அதனால் சந்தை, சுங்க அலுவலகம், கோயில், வணிகர் வீடுகள் எல்லாம் கரையிலிருந்து நடந்து செல்லும் தொலைவிலேயே இருக்கும். 1956-இல் தொடங்கிய கொள்கலன் கப்பல் போக்குவரத்துக்கு மிகப் பெரிய திடல்கள் தேவைப்பட்டதால் சரக்குத் துறைமுகங்கள் படிப்படியாக ஊருக்கு வெளியே நகர்ந்தன. காலியான பழைய கரைகள் பல இடங்களில் நடைபாதைகளாகவும் அருங்காட்சியகங்களாகவும் மாறின. பார்சிலோனாவின் பழைய துறைமுகமும் ஹாம்பர்க்கின் ஹாஃபன்சிட்டியும் இப்படி உருமாறியவைதாம். அங்கெல்லாம் காரில் சுற்றுபவரைவிட நடந்து செல்பவரே அதிகம் பார்க்கிறார்.

முதல் படி: உங்கள் கப்பல் எந்த முனையத்தில் நிற்கிறது என்று கண்டறியுங்கள்

மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக நேரம் செலவிடுங்கள். பயணச்சீட்டில் ஊர்ப் பெயர் மட்டும் பெரிதாக இருக்கும். முனையத்தின் பெயர் உள்ளே எங்கேனும் சிறிய எழுத்தில் இருக்கும். ஒரே நகரத்தில் இரண்டு, மூன்று, ஐந்து முனையங்கள்கூட உண்டு. சிங்கப்பூரில் ஹார்பர்ஃபிரண்ட் முனையமும் மரினா பே முனையமும் வெவ்வேறு இடங்களில் உள்ளன. முதலாவதற்கு ஹார்பர்ஃபிரண்ட் நிலையத்திலும், இரண்டாவதற்கு மரினா சவுத் பியர் நிலையத்திலும் இறங்க வேண்டும். ஹாங்காங்கில் ஒரு முனையம் சிம் ஷா சுய் கடைவீதியை ஒட்டியிருக்கிறது. மற்றொன்று 1998-இல் மூடப்பட்ட காய் டாக் விமான நிலையத்தின் பழைய ஓடுபாதை முனையில் இருக்கிறது.

சிட்னியின் கதையைத் தெரிந்துகொண்டால், முனையம் ஏன் மாறுகிறது என்பதே புரியும். ஹார்பர் பாலத்தின் கீழ் ஏறத்தாழ 49 மீட்டர் உயரத்துக்குத்தான் இடைவெளி இருப்பதால், அதைவிட உயரமான கப்பல்கள் பாலத்துக்கு இப்பால் சர்குலர் கீ நிலையத்துக்கு எதிரிலேயே நின்றுவிடுகின்றன. பாலத்தைக் கடக்கக்கூடிய சிறிய கப்பல்கள் ஒயிட் பே முனையத்துக்குப் போகலாம். அங்கே ரயில் நிலையம் கிடையாது. அதாவது, கப்பலின் உயரத்தைப் பொறுத்து உங்கள் காலை நேரத் திட்டமே மாறிவிடும்.

சில சமயம் ஊர்கூட வேறாக இருக்கும். ரோம் என்று விற்கப்படும் பயணங்கள் உண்மையில் அங்கிருந்து 70 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியுள்ள சிவித்தாவெக்கியாவில் தொடங்குகின்றன. ரோமின் தெர்மினி நிலையத்திலிருந்து அங்கே செல்ல ரயில் உண்டு. லண்டன் என்று சொல்லப்படும் பல பயணங்கள் சவுத்தாம்டனிலிருந்து புறப்படுகின்றன. லண்டன் வாட்டர்லூவிலிருந்து அங்கே செல்ல ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேர ரயில் பயணம். வெனிஸின் ஜியுதெக்கா கால்வாயில் 25,000 டன் மொத்தக் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்கள் நுழைய 2021 ஆகஸ்ட் 1 முதல் தடை உள்ளதால், வெனிஸ் பெயரில் விற்கப்படும் சில பயணங்கள் ராவென்னா போன்ற தொலைவான துறைமுகங்களிலிருந்து புறப்படுகின்றன. ஆகவே பயணச்சீட்டில் உள்ள முனையத்தின் முழு முகவரியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு துறைமுக நிர்வாகத்தின் இணையதளத்தில் உள்ள கப்பல் வருகை அட்டவணையில் உங்கள் கப்பலின் பெயரையும் தேதியையும் தேடி, அதே முனையம்தானா என்று சரிபாருங்கள். அன்று வேறு எத்தனை கப்பல்கள் நிற்கின்றன என்பதும் அதிலேயே தெரியும். மூன்று பெரிய கப்பல்கள் நிற்கும் நாளில் பழைய ஊரின் குறுகிய தெருக்கள் முற்பகலிலேயே நிரம்பிவிடும்.

இரண்டாம் படி: ரயில் தடத்தைப் பார்த்துத் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முனையத்துக்கு அருகில் தங்குவதே வசதி என்று புதியவர்கள் நினைப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல முனையங்களைச் சுற்றிக் கிடங்குகளும் அகன்ற சாலைகளும்தான் இருக்கும். மாலையில் நடந்து பார்க்க எதுவும் இருக்காது. விமான நிலையத்தையும் பழைய ஊரையும் முனையத்தையும் இணைக்கும் தடம் ஒன்று இருந்தால், அதன் நடுவில் ஏதேனும் ஒரு நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் தங்குங்கள். வான்கூவரில் விமான நிலையத்திலிருந்து வரும் ஸ்கைடிரெயின் வாட்டர்ஃபிரண்ட் நிலையத்தில் முடிகிறது. கனடா பிளேஸ் முனையம் அங்கிருந்து சில நிமிட நடைதான். ஏதென்ஸ் விமான நிலையத்திலிருந்து பிரேயஸ் துறைமுகம் வரை 2022 அக்டோபர் முதல் மெட்ரோ மூன்றாம் தடத்தில் மாறாமலே செல்லலாம். நடு ஊரிலுள்ள மொனாஸ்திராக்கி நிலையமும் அதே தடத்தில் இருப்பதால், அங்கே தங்குபவருக்கு இரண்டு பக்கமும் எளிது.

மூன்றாம் படி: பெட்டியைக் கையிலிருந்து இறக்குங்கள்

கார் இல்லாத பயணத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தொலைவு அல்ல, பெட்டிதான். தங்குமிடத்தில் அறை தயாராகும் முன்பும், அறையைக் காலி செய்த பின்பும் பெட்டியை வைத்துக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் பெரிய ரயில் நிலையங்களில் உள்ள லாக்கர்களைப் பயன்படுத்தலாம். ஆனால் பெரிய சூட்கேஸ் நுழையும் அளவுள்ள லாக்கர்கள் குறைவு, காலையிலேயே நிரம்பிவிடும். நிலையங்களில் லிஃப்ட் இருக்கிறதா என்று போக்குவரத்துச் செயலியில் பார்த்து வையுங்கள். லிஸ்பன் போன்ற ஊர்களில் கல் பாவிய மேட்டுத் தெருக்களில் சக்கரப் பெட்டியை இழுப்பது மிகவும் கடினம்.

நான்காம் படி: உள்ளூர் ரயில், பேருந்துக்கான சீட்டு

ஊருக்கு ஊர் முறை மாறும். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் தொடுகையில்லா வங்கி அட்டையை வாசலில் காட்டினாலே போதும். ஹாம்பர்க்கில் ரயில் நிலையங்களில் தடுப்பு வாயில்களே கிடையாது. உள்ளே பரிசோதகர் வந்து சீட்டு கேட்பார், இல்லையென்றால் அபராதம். இத்தாலியில் வட்டார ரயில்களுக்குத் தாள் சீட்டு வாங்கினால், ஏறுவதற்கு முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். அன்று நான்கைந்து முறைக்கு மேல் ஏறி இறங்குவீர்கள் என்றால் மட்டும் ஒரு நாள் பாஸ் வாங்குங்கள்.

ஐந்தாம் படி: மேட்டில் தொடங்கி நீரை நோக்கி இறங்குங்கள்

துறைமுக நகரத்தில் கடல் எப்போதும் தாழ்வான பக்கத்தில் இருக்கும். கோட்டையும் பழைய தேவாலயமும் பெரும்பாலும் மேட்டில் இருக்கும். காலையில் கால்கள் புதிதாக இருக்கும்போதே டிராமிலோ பேருந்திலோ ஏறி மேட்டுக்குப் போய், அங்கிருந்து நடந்து இறங்குங்கள். வழி தவறினாலும் சரிவு உங்களைக் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். லிஸ்பனில் அல்ஃபாமா குன்றிலிருந்து சந்து சந்தாக இறங்கினால், சாந்தா அப்போலோனியா ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள கப்பல் முனையத்துக்கே வந்துவிடலாம். பார்சிலோனாவில் ராம்ப்லா வீதியின் வழியே இறங்கினால் 1888-இல் எழுப்பிய கொலம்பஸ் தூணில் முடியும்.

படகுகளை மறந்துவிடாதீர்கள். உள்ளூர் மக்கள் வேலைக்குச் செல்லும் படகுதான், என் பார்வையில், துறைமுகத்தைப் பார்க்கச் சிறந்த வழி. கப்பல்களின் பிரம்மாண்டம் நீர்மட்டத்திலிருந்து பார்த்தால்தான் விளங்கும். ஹாம்பர்க்கின் லாண்டுங்ஸ்ப்ரூக்கனிலிருந்து கிளம்பும் 62-ஆம் எண் படகுக்கு நகரப் பேருந்துச் சீட்டே போதும். இறங்கிய பிறகு, அதே கரையில் 1911-இல் திறந்த பழைய எல்பே சுரங்கத்தின் வழியே ஆற்றின் அடியில் 426 மீட்டர் நடந்து எதிர்க்கரைக்குப் போகலாம். சிட்னியில் சர்குலர் கீயிலிருந்து மேன்லி செல்லும் படகு, ஓபரா ஹவுசைத் தாண்டி அரை மணி நேரம் துறைமுகம் முழுவதையும் காட்டிக்கொண்டே போகும்.

ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் உள்ளே நுழைந்து பார்க்கத் திட்டமிடாதீர்கள். பல நாடுகளில் அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை திங்கள் அல்லது செவ்வாய் என்பதால், திறந்திருக்கும் நாளை முதலில் பாருங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் இணையம் இல்லாமலும் திறக்கும்படி பதிவிறக்கி வையுங்கள்.

ஆறாம் படி: மாலையில் ஒத்திகை

இதைப் பலர் செய்வதில்லை. நான் வற்புறுத்திச் சொல்வது இதைத்தான். மாலை நடையின் முடிவில், பெட்டி இல்லாமல், முனையத்தின் வாயில் வரை ஒரு முறை போய் வாருங்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டராகத் தெரிவது வேலியையும் நுழைவாயிலையும் சுற்றிப் போகும்போது இரண்டாகலாம். பார்சிலோனாவில் பெரிய கப்பல்கள் நிற்கும் அதோசாட் கரை பாலத்துக்கு அப்பால் இருப்பதால், கொலம்பஸ் தூணுக்கு அருகிலிருந்து புறப்படும் துறைமுகப் பேருந்தே உதவும். சிவித்தாவெக்கியாவில் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகத்துக்கு நடந்துவிடலாம், ஆனால் கப்பலடிக்குச் செல்ல உட்புறப் பேருந்தில் ஏற வேண்டும். இப்படிப்பட்ட பேருந்து எங்கே நிற்கிறது, காலையில் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது, ஞாயிற்றுக்கிழமை ஓடுகிறதா என்பதையெல்லாம் அந்த மாலையிலேயே பார்த்துவிடலாம். வழி கடினம் என்று தெரிந்தால், கடைசித் துண்டுக்கு மட்டும் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள், அதில் தவறில்லை.

ஏழாம் படி: ஏறும் நாள்

கப்பல் மாலை 5 மணிக்குப் புறப்படுகிறது என்றால் 4:30-க்குப் போனால் போதும் என்று நினைக்கக் கூடாது. பயணிகள் பட்டியலைப் புறப்படும் முன்பே அதிகாரிகளிடம் கொடுத்தாக வேண்டும் என்பதால், பல நிறுவனங்கள் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்னதாகவே கப்பலில் ஏறுவதற்கான பதிவை (செக்-இன்) முடித்துவிடும். இணையத்தில் இந்தப் பதிவைச் செய்யும்போது உங்களுக்கு ஒதுக்கிய வருகை நேரத்தைப் பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மாலை ஒத்திகையில் ஆன நேரத்தை இரட்டிப்பாக்கி, அதற்கேற்பக் கிளம்புங்கள். காலையில் இரண்டு மணி நேரம் மிஞ்சினால், முனையத்துக்குப் போகும் தடத்தின் ஓரத்திலேயே உள்ள பூங்காவையோ சந்தையையோ பாருங்கள். ஊரின் மறுகோடிக்குப் போக வேண்டாம்.

முனையத்தில் பெரிய பெட்டிகளைச் சுமைப் பணியாளர்கள் வாங்கிக்கொள்வார்கள். அவை உங்கள் அறைக்கு வந்துசேர மாலையாகிவிடலாம். எனவே கப்பல் நிறுவனம் தந்த பெயர்ச்சீட்டைப் பெட்டியில் ஒட்டிவிட்டு, கடவுச்சீட்டு, மருந்து, கண்ணாடி, மாற்றுடை ஒன்று, கைப்பேசி மின்னேற்றி ஆகியவற்றைத் தோள்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏறியதும் மேல்தளத்துக்குப் போங்கள். நேற்று இறங்கி வந்த குன்றும் தெருவும் படகுத்துறையும் அங்கிருந்து ஒரே பார்வையில் தெரியும்.