பிரஸ்ஸுல ஆட்டோ சிங்கிள் ஸ்ட்ரோக் செட் பண்றது எப்படி? புதுசா வர்றவங்களுக்கு

கொடுங்கையூர் பக்கம் ஒரு சின்ன பிரஸ் ஷாப்ல, அதாவது மேல் டை, கீழ் டைன்னு ரெண்டு அச்சுக்கு நடுவுல தகட வச்சி அடிக்கிற பவர் பிரஸ் இருக்குற எடத்துல, புதுசா ஃபீடர் (பீஸ தானா உள்ள தள்ளுற மெஷினு) மாட்டியிருந்தாங்க. ஓனர் கேட்டது இதான்: "தம்பி, பீஸ் வந்து உக்காந்தா அதுவே அடிக்கணும், பட்டன புடிச்சிகினு ஆள் நிக்கக் கூடாது, ஆனா கன்டினியூஸும் வேணாம்." அவரு பேரு தெரியாம கேட்டது ஆட்டோ சிங்கிள் ஸ்ட்ரோக்கதான்.

சிங்கிள்ல ரெண்டு கையால அமுக்கினா ஒரு அடி, மேல போய் நிக்கும். கன்டினியூஸ்ல நீங்க நிறுத்துற வரைக்கும் ஓடிகினே இருக்கும். ஆட்டோ சிங்கிள்ல ஒவ்வொரு அடிக்கும் மேல வந்து நிக்கும், ஆனா அடுத்த அடிக்கு 'போ'ன்னு சொல்றது ஆளு இல்ல, சென்சாரு. கை சும்மா இருக்கும், சும்மா இருக்குற கை டைக்குள்ள போகும். அதனால லைட் கர்டனோ (கை குறுக்க வந்தா பிரஸ்ஸ நிறுத்துற ஒளித்திரை) இன்டர்லாக் கார்டோ (தொறந்தா பிரஸ் ஓடாத தடுப்பு) இல்லாத பிரஸ்ல இத தொடவே தொடாதீங்க.

முதல்ல கிளட்ச பாருங்க. கீ கிளட்ச் போட்ட பழைய பிரஸ்னா இத்தோட விட்டுடுங்க, அது ஒரு தடவ விழுந்தா முழு சுத்து சுத்திதான் நிக்கும், நடுவுல நிறுத்தவே முடியாது, லைட் கர்டன் போட்டும் பிரயோஜனமில்ல. ஏர்ல வேல செய்ற ஃப்ரிக்‌ஷன் கிளட்ச், டபுள் வால்வு (ஒண்ணு மாட்டிக்கினாலும் இன்னொண்ணு ஏர விட்டு நிறுத்தும்), பிரேக் மானிட்டர் (பிரேக் புடிக்க லேட்டானா காட்டிக் குடுக்குறது) இருக்கணும்.

அடுத்து மெயின ஆஃப் பண்ணி பூட்டு போட்டு, ஏர எறக்கி, டைக்கு நடுவுல சேஃப்டி பிளாக் வச்சிட்டு டெர்மினல எல்லாம் ஒரு தடவ டைட் பண்ணுங்க. நம்ம திருவொத்தியூர், எண்ணூர் கடல் காத்துக்கு செம்பு பச்ச புடிச்சிடும், பாதி 'கன்ட்ரோலர் ஃபால்ட்டு' அங்கதான் உக்காந்திருக்கும்.

இப்ப பிளாக்க எடுத்துட்டு சாதா சிங்கிள்ல ஓட்டி பிரேக் ஸ்டாப்பிங் டைம், அதாவது ஸ்டாப் சிக்னல் குடுத்ததுலேந்து முழுசா நிக்கிற வரைக்கும் ஆகுற நேரம், எடுங்க. 150 மில்லி செகண்டுன்னு வச்சிக்கலாம். கிராங்க் உச்சியில இருந்தா 0 டிகிரி, ஒரு முழு சுத்து 360. நிமிஷத்துக்கு 40 ஸ்ட்ரோக் ஸ்பீடுல ஒரு சுத்துக்கு 1.5 செகண்டு, அதாவது செகண்டுக்கு 240 டிகிரி. 0.15 செகண்டுல அதிகபட்சம் 36 டிகிரி ஓடும், பிரேக் புடிக்கும்போது வேகம் கொறையறதால நெஜத்துல அத விட கம்மிதான். அதனால 324 டிகிரியில ஸ்டாப் கொடுத்து ஆரம்பிச்சு, கரெக்டா மேல வந்து நிக்கிற மாதிரி ஓட்டிப் பாத்து சரி பண்ணுங்க. அதே பிரஸ்ஸ 60ல ஓட்டினா, டைம் அதே 150ன்னு வச்சாலும், 54 டிகிரி வரைக்கும் ஓடும், ஸ்டாப்ப 306லேந்து ஆரம்பிக்கணும். ஸ்பீட மாத்திட்டு இத மறந்துட்டு "பிரேக் போச்சு"ன்னு லைனிங்க கழட்டின ஆளுங்கள பாத்திருக்கேன்.

டையிலேந்து லைட் கர்டன எவ்ளோ தூரத்துல வைக்கணும்னு பாக்க, ராம் (மேல் டைய புடிச்சிகினு ஏறி எறங்குற பாகம்) எறங்கும்போது, கிராங்க் 90 டிகிரி கிட்ட எடுத்த டைம் வேணும். அதுவும் 150தான் வந்துச்சுன்னா, கர்டன், கன்ட்ரோலர் எடுத்துக்குற 30ஐயும் சேத்தா 0.18 செகண்டு. ஐஎஸ்ஓ 13855 கணக்குல 2000ஆல பெருக்கினா 360 மில்லிமீட்டர். இது 14 மில்லிமீட்டர் சைசு பொருள வரைக்கும் கண்டுபுடிக்கிற கர்டனுக்கு. 30 மில்லிமீட்டர் கர்டன்னா இன்னொரு 128 சேத்து 488. எடமில்லன்னு 200ல வைக்கச் சொல்லுவாங்க, வைக்காதீங்க.

இப்பதான் கன்ட்ரோலர். மெனு பேரு கம்பெனிக்கு கம்பெனி மாறும், அதனால மேனுவல பக்கத்துல வச்சிக்கோங்க. சூப்பர்வைசர் சாவி போட்டு ஆட்டோ சிங்கிள எனேபிள் பண்ணி, எந்த இன்புட்டு ஸ்ட்ரோக் கேக்கப் போகுதுன்னு குடுங்க. ஃபீடரோட 'ஃபீட் முடிஞ்சுது' சிக்னலும் பீஸ் சென்சாரும் ரெண்டும் வந்தாதான் அடிக்கிற மாதிரி வைக்கிறது நல்லது. ரொம்ப முக்கியம், சிக்னல் ஆஃப் ஆகி மறுபடி ஆன் ஆனாதான் அடுத்த அடின்னு வைங்க. வேற ஒரு எடத்துல நான் ஆரம்பத்துல இத விட்டுட்டேன், ப்ராக்ஸிமிட்டி சென்சார் (தகடு கிட்ட வந்தா ஆன் ஆகுறது) மேல நகம் அளவு ஸ்கிராப் சீவல் ஒட்டிகினு சிக்னல் ஆன்லயே நின்னுடுச்சு, பிரஸ்ஸு காலி டைய டொக்கு டொக்குன்னு அடிச்சிகினே இருந்துச்சு. பக்கத்துல யாரும் இல்ல, பொழச்சேன்.

அப்புறம் ஆர்மிங், அதாவது மோட ரெடி பண்றது. ஆட்டோ பட்டன அமுக்கி சில செகண்டுக்குள்ள ரெண்டு கை பட்டனையும் அமுக்கினாதான் மோடு ஆன் ஆகணும். அதோட வெயிட்டிங் டைமும் உண்டு, அவ்ளோ நேரத்துக்குள்ள பீஸ் வரலன்னா மோடு தானா விழுந்து மறுபடி ஆர்ம் பண்ணணும். நான் 15 செகண்டுக்கு மேல வைக்கிறதில்ல. "அடிக்கடி விழுது, அஞ்சு நிமிஷம் போடுப்பா"ன்னு ஆபரேட்டர் கேப்பாரு, அப்ப டைம ஏத்தாதீங்க, ஃபீடர் ஏன் லேட்டாவுதுன்னு பாருங்க.

ஃபீடர் ஸ்டார்ட் கேம் சுவிட்ச (கிராங்க் ஆங்கிள் பாத்து ஃபீடருக்கு 'தள்ளு'ன்னு சொல்றது), மேல் டை பீஸ விட்டு வெளிய வந்தப்புறம் ஆன் ஆகுற மாதிரி வைங்க. டைக்கு டை இது மாறும், இன்ச் மோடுல (கொஞ்சம் கொஞ்சமா நகத்துற மோடு) மெதுவா ஓட்டிப் பாத்து ஆங்கிள குறிச்சிக்கோங்க.

பீஸ் போடாம டெஸ்ட் பண்ணுங்க. ராம் எறங்கும்போது ஒரு குச்சிய விட்டு கர்டன மறைங்க, கைய விடாதீங்க, ராம் நின்னுடணும். சென்சார்ல ஒரு தகட ஒட்டி வைங்க, ஒரு அடியோட நிக்கணும். ஏர் லைன அடைங்க, அப்பவும் நிக்கணும். கடைசியா ஓடும்போதே மெயின ஆஃப் பண்ணி போடுங்க, நம்ம ஏரியாவுல கரன்ட்டு போய் போய் வரும், வந்தவுடனே தானா அடிச்சிதுன்னா செட்டிங் தப்பு, ஓட்டாதீங்க.

இன்னொன்னு, ஒவ்வொரு அடிக்கும் கிளட்ச், பிரேக் ரெண்டும் புடிச்சி விடுறதால கன்டினியூஸ விட சூடாகும். மொத ஷிஃப்ட்ல மணிக்கு ஒரு தடவ ஸ்டாப்பிங் டைம பாருங்க, ஏறிகினே போனா நிமிஷத்துக்கு எத்தன அடின்றத கொறைங்க. எல்லா நம்பரையும் ஒரு தாள்ல எழுதி பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒட்டிட்டு, சாவிய உருவி சூப்பர்வைசர் கையில குடுத்துட்டு கெளம்புங்க.