மரணசாசனம் எழுதப் போகிறீர்களா? கிணற்றை மறந்துவிடாதீர்கள்

"எல்லாம் பிள்ளைகளுக்குத்தானே, அதுக்கு ஏன் ஒரு எழுத்து?" என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்தில் நிறையப் பேர். ஒரு பிள்ளை கனடாவிலும் மற்றது கொக்குவிலிலும் இருக்கிற வீட்டுக்குத்தான் அந்த எழுத்து, அதாவது தனக்குப் பிறகு சொத்து யாருக்கு என்று எழுதிவைக்கிற மரணசாசனம் (உயில்), கட்டாயம் வேண்டும்.

தன்னுடையது அல்லாததை எழுதுவதுதான் பெரிய பிழை. வெளிநாட்டில் உழைத்த காசில் மாடிவீடு கட்டியிருப்பார், காணியோ மனைவியின் சீதனம். அதைக் கணவர் தன் சொத்துப் போல மகனுக்கு எழுத முடியாது. ஒல்லாந்தர் 1707இல் எழுத்தில் தொகுத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையில் முதுசம் (முன்னோர் வழியில் வந்தது) வேறு, சீதனம் (பெண்ணுக்குக் கலியாணத்தில் கொடுத்தது) வேறு, தேடியதேட்டம் வேறு. கலியாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டத்தில் துணைக்கும் பங்குண்டு. ஆகவே பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசிடம் போகுமுன் காணி உறுதிகளை எடுத்து, எது யாருடைய பெயரில், எந்த வழியாக வந்தது என்று பாருங்கள். இன்னும் பேரனாரின் பெயரிலேயே கிடக்கிற காணி என்றால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம் கிணறு. நாலு பரப்புக் காணியில் வடக்குப் பக்கம் இரண்டு பரப்பு மூத்தவளுக்கு, தெற்குப் பக்கம் இரண்டு பரப்பு இளையவளுக்கு என்று எழுதிவிடுகிறார்கள். கிணறு வடக்கில் இருக்கிறது. ஒழுங்கையும் அந்தப் பக்கந்தான். இளையவள் எதால் போய்வருவாள், எங்கே தண்ணீர் அள்ளுவாள்? பழைய உறுதிகளில் கிணற்றுப் பங்கு, வழி, வாய்க்கால் என்று ஒன்றும் விடாமல் எழுதியிருப்பார்கள். இப்போது அந்த ஒரு வரி விடுபட்டுப் போகிறது. அக்காவும் தங்கையும் ஒற்றுமை, பிரச்சினை வராது என்பார்கள். சரி, வேலி அடைக்கப் போவது மருமக்கள் அல்லவா?

சாட்சி விஷயத்தில் சட்டம் கறார். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் 5 சாட்சிகள். சொத்துப் பெறப்போகிறவரையோ அவருடைய கணவன், மனைவியையோ சாட்சியாக வைத்தால் அவருக்கு எழுதியது செல்லாமல் போகும். எழுதி முடித்த தாளில் பேனையால் வெட்டித் திருத்தவும் கூடாது. எழுதிய பிறகு கலியாணம் செய்தால் பழைய மரணசாசனம் இரத்தாகிவிடும். மறுமணம் செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

"தம்பிக்கு அற்றோணித் தத்துவம் கொடுத்திருக்கிறேன், அவன் பார்ப்பான்" என்பதும் அடிக்கடி காதில் விழுகிறது. அது தன் சார்பில் செயற்பட இன்னொருவருக்குக் கொடுக்கிற அதிகாரம்; கொடுத்தவர் கண்மூடியதோடு அதுவும் முடிந்தது.

மரணசாசனத்தில் எழுதியதை நிறைவேற்றுபவராக, நீதிமன்றத்துக்கு நாலுதரம் ஏறி இறங்கக்கூடிய, ஊரில் இருக்கிற ஒருவரைப் போடுங்கள். மூலப்பிரதி இருக்கிற இடத்தையும் அவரிடம் சொல்லிவையுங்கள். எங்கள் பெரியம்மா யாரிடமும் சொல்லவில்லை. அந்தியேட்டி முடிந்து, சீலைகளைப் பங்கிட றங்குப்பெட்டியைத் திறந்தபோது, ஒரு பழைய பஞ்சாங்கத்துக்குள் மடித்தபடி இருந்தது.