பாராட்டைத் தட்டிவிடும் பழக்கமும் அதைச் சுற்றிய சில தவறுகளும்

யாராவது பாராட்டினால் உடனே அதைத் தட்டிவிடுவது நம் ஊரில் ஒரு மரியாதை. "பிரசன்டேஷன் பிரமாதம்" என்று மேலாளர் சொன்னால், "ஐயோ, எல்லாம் டீம்தான் சார்" என்போம். பிள்ளைக்கு நல்ல மார்க் வந்தால், "இந்த வாட்டி கேள்வித்தாள் சுலபம்" என்று அம்மாவே முந்திக்கொள்வார். கண் பட்டுவிடக் கூடாதே! நிறைகுடம் தளும்பாது என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வெளியில் இப்படிப் பேசுவதில் பெரிய கேடு ஒன்றும் இல்லை. நாள்பட நாள்பட அதை நாமே நம்பிவிடுகிறோம் பாருங்கள், அதுதான் தவறு.

இதை முதலில் ஆராய்ந்து எழுதியவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள். 1978இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை, படிப்பிலும் வேலையிலும் நன்றாகத் தேறிய பெண்களைப் பற்றியது. கையில் பட்டமும் பதவியும் இருந்தும், 'எனக்கு அவ்வளவு திறமை கிடையாது, எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும்' என்ற பயம் அவர்களுக்குள் இருந்தது. ஆண்களுக்கும் இது உண்டு என்பது பின்னால் தெரியவந்தது. இப்படிப்பட்டவர்கள் போடும் கணக்கு வேடிக்கையானது. ஜெயித்தால் அதிர்ஷ்டம், தோற்றால் தன் புத்திக்குறைவு. அதிர்ஷ்டத்துக்குப் பங்கு உண்டென்றால் தோல்வியிலும் அதற்குப் பங்கு இருக்க வேண்டுமே? அதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள்.

அடுத்த முறை யாராவது பாராட்டும்போது "நன்றி" என்று சொல்லிவிட்டு, நடந்தது ஒன்றையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். "நன்றிங்க, அந்தக் கடைசிப் பகுதியைத் திரும்பத் திரும்ப மாற்றி எழுதினேன்." அவ்வளவு போதும். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. டீமுக்கும் பங்கு உண்டென்றால் அதையும் சொல்லலாம். உங்கள் பங்கை அழித்துவிட்டுச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான்.

ஆழமாக வேரோடிய தவறு இன்னொன்று உண்டு. தன்னைத் தானே திட்டிக்கொள்வதால்தான் முன்னேறுகிறோம் என்ற நம்பிக்கை அது. 95 வாங்கி வந்தால் "மீதி 5 எங்கே?" என்று கேட்ட வீட்டில் வளர்ந்தவருக்கு, அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் சோம்பேறியாகிவிடுவோமோ என்று பயம். அது நியாயமான பயம்தான். ஆனால் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு நேர்மாறான விடை வந்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி மாணவர்களுக்குக் கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்றை வைத்தார்கள். பிறகு ஒரு பிரிவினரிடம், இந்தத் தேர்வு பலருக்கும் கஷ்டமாகத்தான் இருக்கும், உங்களை ரொம்பக் கடிந்துகொள்ளாதீர்கள் என்றார்கள். இன்னொரு பிரிவினரிடம், பெர்க்லியில் இடம் கிடைத்திருக்கிறது என்றால் நீங்கள் கெட்டிக்காரர்தான் என்றார்கள். மூன்றாவது பிரிவினரிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த தேர்வுக்கு அதிக நேரம் உட்கார்ந்து படித்தவர்கள் முதல் பிரிவினர். காரணம் ஊகிக்கக்கூடியதே. அடி விழும் என்று தெரிந்தால், செய்த பிழையைத் திரும்பிப் பார்க்கவே மனம் கூசும். பிழையைப் பார்க்காதவர் எதைத் திருத்துவார்?

அப்படியானால் கண்ணாடி முன் நின்று "நான் ஒரு சாதனையாளன்" என்று தினமும் சொல்லலாமா? வேண்டாம் என்பேன். கனடாவில் ஜோஆன் வுட் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், தன்மதிப்பு குறைவாக இருந்தவர்கள் "நான் அன்புக்குரியவன்" என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது அவர்களுடைய மனநிலை இன்னும் மோசமானது. நம்ப முடியாத ஒன்றைச் சொன்னால் உள்ளிருக்கும் குரல் மறுத்துப் பேசத்தான் செய்யும். அதனிடம் எடுபடுவது உண்மையும் விவரமும்தான். 'இன்று வரை தள்ளிப்போட்டிருந்த போன் காலைப் பேசி முடித்தேன்', 'கணக்குப் பிடிபடாத பையனுக்குப் பின்னங்கள் புரிந்துவிட்டன' என்ற மாதிரி. ராத்திரி ஒரு டைரியில் இரண்டு வரி எழுதினால் போதும். 'நன்றாகப் போனது' என்று மட்டும் எழுதாமல், அதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்றும் எழுதுங்கள்.

எதை எழுதி வைக்கிறோம் என்பது ஏன் முக்கியம்? பி.டி. உஷாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நூறில் ஒரு நொடியில் வெண்கலம் கைநழுவியது. இன்றும் அவர் பெயரைச் சொன்னால் அந்த நூறில் ஒரு பங்குதான் பலருக்கும் ஞாபகம் வரும். அன்று அவர் ஓடிய 55.42 நொடி, 39 ஆண்டுகள் தேசிய சாதனையாக நின்றது. 2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கோவையைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் சரியாக அதே 55.42இல் ஓடித்தான் அதைச் சமன் செய்ய முடிந்தது. ஒரே ஓட்டம்தான். அதில் தவறியதும் இருக்கிறது, செய்ததும் இருக்கிறது. நம் விஷயத்தில் முதலாவதை மட்டும் பத்திரமாகப் பூட்டி வைத்துக்கொள்கிறோம்.

கொண்டாட்டத்தைப் 'பெரிய நாளுக்கு' ஒத்திவைப்பதும் ஏமாற்றத்தில்தான் முடியும். 2008 பெய்ஜிங்கில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா, அதற்குப் பிறகு தன்னைப் பிடித்துக்கொண்ட வெறுமையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். தங்கத்துக்கே அந்தக் கதி என்றால் ப்ரோமோஷன் எம்மாத்திரம்? வீடு கட்டி முடியட்டும், பொண்ணு காலேஜ் சேரட்டும் என்று தள்ளிக்கொண்டே போகாமல், பாதி வழியிலேயே ஒரு டீக்கு உட்காருங்கள். கொண்டாட்டம் என்றால் செலவு என்ற நினைப்பும் வேண்டாம். ஸ்டேட்டஸ் போட்டுவிட்டு யார் பார்த்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தால், உங்கள் சந்தோஷத்தின் சாவி அடுத்தவர் கைக்குப் போய்விடும். விஷயம் புரிந்த ஒரே ஒரு தோழியிடம் சொல்வது அதைவிட நல்லது.

கடைசியாக, உள்ளிருந்து நம்மைத் திட்டும் அந்தக் குரலை அடியோடு ஒழித்துவிட வேண்டும் என்று கிளம்பாதீர்கள். அது சொல்வதில் திருத்திக்கொள்ளத்தக்கது ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு, வசவை விட்டுவிட்டால் போதும். ஆனால் தூக்கமும் சாப்பாடும் கெடும் அளவுக்கு அது வாரக்கணக்கில் ஓயாமல் பேசினால், அல்லது உயிரோடு இருந்து என்ன பயன் என்று கேட்கத் தொடங்கினால், டைரியும் டீயும் போதாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416ஐ எந்த நேரத்திலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.